கள்ளன் வீட்டுக்குள் இருக்கும் வரை

"கள்ளனை அடிச்சா கள்ளனுக்கு ஆஸ்பத்திரி, நமக்கு கோர்ட்டு." எங்கள் ஊர்ப்பக்கம் இப்படி ஒரு பேச்சு உண்டு. பாறசாலை டீக்கடையில் கேட்டாலும், எல்லை தாண்டி களியக்காவிளை சந்தையில் கேட்டாலும் இதேதான் சொல்வார்கள். ஒரு இடத்தில் மலையாளம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மற்ற இடத்தில் தமிழ் தூக்கலாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது உண்மையா என்று கேட்டால் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால் இரண்டு வகை ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள். கேஸுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குகிறவர்கள் ஒரு வகை. "என் வீடு, என் இஷ்டம்" என்று எல்லை மீறிவிட்டு வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறுகிறவர்கள் இன்னொரு வகை. சட்டம் என்ன சொல்கிறது, அது எங்கிருந்து வந்தது, அதைக் கோர்ட்டுகள் எப்படிப் படித்தன என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது வெறும் சரித்திரம் அல்ல. நாம் துபாயிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து சம்பாதித்து ஊரில் மச்சு வீடு கட்டியிருக்கிறோம். அதில் இருப்பது யார்? எழுபது வயது அப்பாவும், முட்டுவலியோடு அம்மாவும். வீடு பெரிசு, ஆள் இரண்டு பேர். பிள்ளைகள் வெளிநாட்டில் என்பது ஊருக்கே தெரியும். கள்ளனுக்கு இதைவிட நல்ல விலாசம் வேண்டுமா?

சென்ற மாதம் மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "மருமவனே, தலமாட்டுல வெட்டுகத்தி வச்சிருக்கேன். வரட்டும் பாத்துக்கலாம்" என்றார். "மாமா, வெட்டிட்டா அப்புறம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அது தெரியாதே மக்கா" என்றார். அந்த 'அப்புறம்' பற்றித்தான் எழுத நினைத்தேன்.

கள்ளனுக்குக் கதை உண்டு, வீட்டுக்காரனுக்குக் கதை இல்லை

திருவிதாங்கூர்க்காரர்களுக்குக் கள்ளன் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. காயங்குளம் கொச்சுண்ணி கதையைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை நம் பக்கத்தில் உண்டா? பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்தவன் என்பார்கள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலை அவனைக் கதாநாயகனாகவே ஆக்கிவிட்டது. நிஜக் கொச்சுண்ணி பிடிபட்டு 1859-ல் திருவனந்தபுரம் சிறையில் இறந்தான்.

இந்தப் பக்கம் தண்டிக்கிறவர்களின் கதை. தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய் காலத்தில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் கொடுத்த தண்டனைகளைக் கேட்டால் நமக்குத் தூக்கம் வராது என்பது வேறு விஷயம்.

கள்ளனுக்கும் தளவாய்க்கும் நடுவில் ஒருவன் இருக்கிறானே, நடுராத்திரி சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்த வீட்டுக்காரன்? அவனைப் பற்றி நம்மிடம் கதை எதுவும் இல்லை. அவனைப் பற்றி விரிவாக எழுதிவைத்தது ஒரு வெள்ளைக்காரரின் சட்ட வரைவு.

அவர் மெக்காலே. ஆமாம், ஆங்கிலக் கல்விக்காக நாம் திட்டுகிற அதே மெக்காலேதான். அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ல் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவைக் கொடுத்தது. அதற்கு எழுதிய குறிப்புகளில், தற்காப்பு உரிமையை ஏன் இவ்வளவு தாராளமாக வைத்தோம் என்று அவர்களே விளக்கியிருக்கிறார்கள். இந்த நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டத்தின் அட்டூழியத்தை அளவுக்கு மீறிப் பொறுத்துப் போகிறார்கள், ஆகவே தற்காப்புக்குக் கட்டுப்பாடு போடுவதைவிட எதிர்த்து நிற்கும் துணிச்சலை வளர்ப்பதுதான் தேவை என்பது அதன் சாரம். நம் முன்னோரைக் கோழைகள் என்று சொல்வது போல இருப்பதால் படிக்கும்போது கோபம் வரும். ஆனால் விளைவைப் பாருங்கள். சட்டம் எழுதியவர்களின் நோக்கம் வீட்டுக்காரனைப் பூட்டி வைப்பது அல்ல. அவன் எதிர்த்து நிற்க வேண்டும் என்று எண்ணித்தான் எழுதினார்கள்.

அந்த வரைவு தூசி படிந்து கிடந்து, திருத்தப்பட்டு, 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் ஆனது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை.

நெய்யாற்றின்கரை அப்போது பிரிட்டிஷ் இந்தியா அல்ல, மகாராஜாவின் திருவிதாங்கூர். அங்கே தனித் தண்டனைச் சட்டம் இருந்தது. ஆனால் அதுவும் இதே வார்ப்புதான். இந்திய தண்டனைச் சட்டம் நேரடியாக எங்கள் பக்கம் வந்தது 1951 ஏப்ரல் 1 அன்று. திருவிதாங்கூர்-கொச்சி போன்ற 'பி' பிரிவு மாநிலங்களுக்கு மத்திய சட்டங்களை நீட்டித்த சட்டத்தின் மூலம் வந்தது. ஐந்து வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. அண்ணன் வீடு தமிழ்நாடு, தம்பி வீடு கேரளா என்று ஆனது. கள்ளனைப் பற்றிய சட்டம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

இன்னொரு விஷயம் வெளிநாட்டுத் தமிழர்கள் பலருக்குத் தெரியாது. இதே மெக்காலே வார்ப்புதான் 1871-ல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்குப் போனது, 1883-ல் இலங்கைக்குப் போனது. சிங்கப்பூர், மலேசியா தண்டனைச் சட்டங்களில் இன்றும் தற்காப்பு உரிமை 96-ல் தொடங்கி 106-ல் முடிகிறது. இலங்கையில் எண் மட்டும் மாறி 89 முதல் 99 வரை. நாம் எங்கெங்கே பிழைக்கப் போனோமோ அங்கெல்லாம் இந்தச் சட்டமும் வந்திருக்கிறது.

சட்டம் என்ன கொடுக்கிறது

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்புப் பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. எண் மாறியிருக்கிறது, சாரம் பெரும்பாலும் அதேதான்.

என் பாஷையில் சுருக்கமாகச் சொன்னால்:

உங்கள் உடம்பை, அடுத்தவர் உடம்பை, உங்கள் பொருளை, அடுத்தவர் பொருளைக் காப்பாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் நீங்கள் இறங்கலாம்.

பொருளைக் காக்கும்போது எதிராளி செத்துப் போனாலும் குற்றமில்லை என்று சொல்லும் பிரிவு பழைய சட்டத்தில் 103, புதியதில் 41. எல்லாக் களவுக்கும் இது பொருந்தாது. வழிப்பறி அல்லது கொள்ளை, இருட்டிய பிறகு வீட்டை உடைத்துப் புகுவது, ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, உயிருக்கோ பலத்த காயத்துக்கோ பயம் தரும் விதத்தில் நடக்கும் களவு, அத்துமீறல் ஆகியவற்றுக்குத்தான். பட்டப்பகலில் விளையில் வாழைக்குலை வெட்டிக்கொண்டு போகிறவன் இந்தப் பட்டியலில் வரமாட்டான். அவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், உயிரை எடுக்க முடியாது.

இதற்கு வேலியும் உண்டு. தேவைக்கு மேல் காயம் செய்யக்கூடாது. போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. (பழைய 99, புதிய 37.)

கடைசியாக நேரம். இதைத்தான் ஊரில் யாரும் சொல்வதில்லை. இந்த உரிமைக்குத் தொடக்க நேரமும் உண்டு, முடிவு நேரமும் உண்டு. பொருளுக்கு ஆபத்து என்று நியாயமான பயம் வரும்போது தொடங்குகிறது. கொள்ளையென்றால், உடனடி உயிர்பயமோ காயபயமோ இருக்கும் வரை. ராத்திரி வீடு உடைப்பு என்றால், அவன் வீட்டுக்குள் இருக்கும் வரை. (பழைய 105, புதிய 43.) அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. பேங்க்காரன் பாஷையில் சொன்னால், டே எண்ட் ஆன பிறகு அந்தத் தேதியில் என்ட்ரி போட முடியாது.

அந்த நேரத்தைக் கோர்ட்டுகள் எப்படிப் பார்த்தன என்பதற்கு மூன்று வழக்குகள் சொல்கிறேன்.

ஒரு துப்பாக்கி, ஒரு மின்கம்பி, ஒரு துரத்தல்

முதலாவது, மத்தியப் பிரதேசத்தில் உள்ள கட்னி. 1950 மார்ச் 5. பிரிவினைக்குப் பிறகு வந்து குடியேறிய சிந்திகளுக்கும் உள்ளூர் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம். அம்ஜத் கான் என்ற கடைக்காரர். ஒட்டியிருந்த சகோதரரின் கடையைக் கும்பல் உடைத்துச் சூறையாடிவிட்டது. அடுத்து இவர் கதவை லத்தியால் அடிக்கிறார்கள். உள்ளே குடும்பம். இவர் துப்பாக்கியால் சுட்டார். ஒருவர் இறந்தார், சிலருக்குக் காயம். கீழ்க்கோர்ட்டும் உயர்நீதிமன்றமும் இவரைக் குற்றவாளி என்றன. கும்பல் இவர் கடைக்குள் நுழையவே இல்லையே, போகிற போக்கில் கதவை அடித்தார்கள், அவ்வளவுதானே என்ற வாதம் அங்கே எடுபட்டது.

1952-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கதவு உடைந்து, கும்பல் உள்ளே வந்து, குடும்பத்தின் மேல் கை வைக்கும் வரை ஒருவன் காத்திருக்க வேண்டியதில்லை, பக்கத்துக் கடைக்கு நடந்ததே நியாயமான பயத்துக்குப் போதும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த நெருக்கடியில் இருப்பவன் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக்கூடாது என்ற கருத்தும் அதில் உண்டு. இந்தியத் தற்காப்பு வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

இரண்டாவது பீகார். வழக்கின் பெயர் செருபின் கிரிகரி. அவர் வீட்டுக் கழிப்பிடத்தை அக்கம்பக்கத்து ஆட்கள் கேட்காமல் பயன்படுத்தினார்கள். எரிச்சலில் அங்கே ஒரு செம்புக்கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சிவிட்டார். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. ஒரு பெண் கையில் பட்டு இறந்துபோனார். "என் இடம், அத்துமீறி வந்தால் நான் பொறுப்பா?" என்று வாதிட்டார். 1963-ல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அத்துமீறி வந்தவர் என்பதாலேயே ஒருவருடைய உயிருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடாது என்று சொல்லி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த தண்டனையை உறுதி செய்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாமவர் கையில் துப்பாக்கி, அவர் நிரபராதி. இரண்டாமவர் கையில் ஆயுதமே இல்லை, அவர் குற்றவாளி. முதல் வழக்கில் ஒரு மனுஷன் பயத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றான். இரண்டாவதில் பயந்தவர் யாரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை, கம்பி மட்டும் இருந்தது. மரச்சீனி விளையில் பன்றிக்கு என்று கரண்ட் கம்பி கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பன்றிக்கு வைத்தேன், கள்ளனுக்கு வைத்தேன் என்ற சமாதானம் எதுவும் செல்லாது.

மூன்றாவது, நான் இப்போது இருக்கும் இங்கிலாந்து. 2008 செப்டம்பர், ஹை வைக்கம் நகரம். முனீர் உசேன் என்ற வணிகர், நம்மைப் போலப் பிழைக்க வந்த தெற்காசியக் குடும்பம். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வீட்டுக்குள் முகமூடி போட்டவர்கள் கத்தியோடு. மனைவி, பிள்ளைகளோடு இவரையும் கட்டிப்போட்டார்கள். ஒரு பையன் எப்படியோ தப்பி வெளியே போய்ச் சித்தப்பாவைக் கூட்டி வந்தான். கள்ளர்கள் ஓடினார்கள். ஒருவனைத் துரத்திப் பிடித்து, தெருவில் போட்டு, கிரிக்கெட் மட்டையால் மட்டை உடையும் அளவுக்கு அடித்தார்கள். அவனுக்கு மூளையில் பாதிப்பு.

2009 டிசம்பரில் முனீர் உசேனுக்கு 30 மாதச் சிறை. நாடே கொந்தளித்தது. 2010 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருணை காட்டித் தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விட்டது. கவனிக்க: அவர் குற்றவாளி என்பது மாறவில்லை, தண்டனைதான் குறைந்தது. வீட்டுக்குள் வைத்து அதே மட்டையால் அடித்திருந்தால் கதை வேறு. வாசலைத் தாண்டிய பிறகு, அது தற்காப்பு அல்ல, தண்டனை. தண்டனை கொடுப்பது நம் வேலை இல்லை.

அதற்குப் பத்து வருஷம் முன்னால் டோனி மார்ட்டின் என்ற நார்ஃபோக் விவசாயி வழக்கு. 1999 ஆகஸ்டில் ராத்திரி தன் பண்ணைவீட்டுக்குள் புகுந்தவர்களை லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் சுட்டார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதுகில் குண்டுபட்டு இறந்தான். கொலை என்று ஆயுள் தண்டனை. பிறகு மேல்முறையீட்டில் மனநிலையைக் காரணம் காட்டி ஐந்து வருஷமாகக் குறைந்தது, 2003-ல் வெளியே வந்தார். இந்த வழக்குகள் கிளப்பிய சூட்டில் 2013-ல் பிரிட்டன் சட்டத்தை மாற்றியது. வீட்டுக்குள் புகுந்தவனை எதிர்க்கும்போது கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, 'அப்பட்டமாக அளவு மீறி' இருக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே, ராத்திரி வீடு உடைப்பில் எதிராளி செத்தாலும் உரிமை உண்டு என்று எழுத்தில் வைத்தது நம் சட்டம். எனக்கே இது ஆச்சரியமாக இருந்தது.

ஓடுகிறவனைச் சுடும் விஷயத்தில் நம் உச்ச நீதிமன்றமும் கறார்தான். 1962-ல் ஜெய்தேவ் வழக்கில், ஆபத்து தீர்ந்து ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது தூரத்திலிருந்து சுட்டதற்குத் தற்காப்பு என்ற பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது.

அளவு மீறினால்?

பயத்தில் கை கொஞ்சம் கூடிப் போய்விட்டால் உடனே கொலைக்குற்றம் ஆகிவிடுமா? அதற்கும் நடுவில் ஒரு படி உண்டு. நல்லெண்ணத்தோடு, பழிவாங்கும் எண்ணம் இல்லாமல், தற்காப்பு எல்லையைத் தாண்டிவிட்டால் அது 'கொலை ஆகாத மரணம்' என்று குறையும். தண்டனை உண்டு, ஆனால் கொலைக்கான தண்டனை இல்லை.

நிரூபிக்க வேண்டியது யார்? தற்காப்பு என்று சொல்கிறவர்தான். இங்கேதான் ஊர்ப்பேச்சு பாதி உண்மையாகிறது. ஆனால் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய அளவுக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கக்கூடியது இதுதான் என்று நம்பும்படி காட்டினால் போதும். தன் வாயால் சொல்லாமல் இருந்தாலும், கேஸ் கட்டில் இருக்கும் சாட்சியங்களிலிருந்தே தற்காப்பு தெரிந்தால் கோர்ட் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று 1960-களில் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் இதையெல்லாம் திரட்டிப் பத்து விதிகளாகவே எழுதி வைத்தது.

எல்லாமே விசாரணை வரை போகும் என்றும் இல்லை. 2012-ல் மதுரையில் ஒரு பெண், மகளிடம் முறைகேடாக நடக்கப் பார்த்த கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவர் இறந்துவிட்டார். எஸ்.பி. ஆஸ்ரா கார்க் அதைத் தற்காப்பு என்று கருதி அந்தப் பெண்ணை விடுவித்தார். போலீஸே இப்படி முடிவு செய்யலாமா என்று அப்போது விவாதமும் நடந்தது. எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆனால் நடந்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் மலைக்கு அந்தப் பக்கம், கடையம் அருகே. 2019 ஆகஸ்ட் 11 ராத்திரி. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தில் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இறுக்கினான் ஒருவன். சத்தம் கேட்டு அவர் மனைவி ஓடி வந்தார். கையில் கிடைத்த செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் எடுத்து வீசினார். பெரியவரும் விடுபட்டு நாற்காலியால் அடித்தார். அரிவாளோடு வந்தவர்கள் ஓடியே போனார்கள். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. நான்காவது நாள், சுதந்திர தின விழாவில் முதலமைச்சர் அவர்களுக்குத் துணிவுக்கான விருது கொடுத்தார். யாரும் அவர்கள்மேல் கேஸ் போடவில்லை. அவர்கள் யாரையும் துரத்திக்கொண்டு போகவும் இல்லை.

எல்லைக்காரர்களுக்குக் கூடுதலாக இரண்டு விஷயம்

ஒன்று, எல்லைக்கோடு. கள்ளன் பாறசாலையில் புகுந்து களியக்காவிளைக்கு ஓடினால் எந்த ஸ்டேஷன்? சம்பவம் நடந்த இடம்தான் கணக்கு. வீடு கேரளாவில் என்றால் நெய்யாற்றின்கரை கோர்ட், மேலே எர்ணாகுளம். வீடு தமிழ்நாட்டில் என்றால் குழித்துறை, மேலே மதுரைக் கிளை. ஆனால் சம்பவமே எல்லையின் இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தால் குழப்பம்தான். 2022-ல் பாறசாலை மாணவர் ஒருவர் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட வழக்கில் நஞ்சு கொடுத்த வீடு தமிழ்நாட்டில், இறந்தது திருவனந்தபுரத்தில். எந்த மாநிலம் விசாரிப்பது என்ற கேள்வியே பெரிதாக எழுந்தது. கடைசியில் 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கோர்ட்தான் தீர்ப்புச் சொன்னது. இப்போதைய நடைமுறைச் சட்டப்படி எந்த ஸ்டேஷனில் புகார் சொன்னாலும் பதிவு செய்தாக வேண்டும். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் விடாதீர்கள்.

இரண்டு, ரப்பர். எங்கள் பக்கம் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு ஆள் தலையில் லைட்டும் கையில் கத்தியுமாக மரங்களுக்கு நடுவே நடப்பது சாதாரணம். அவர் ரப்பர் வெட்டப் போகிறவர். தூக்கக் கலக்கத்தில் எழுந்து பார்க்கிற வயசானவருக்கு அவர் எப்படித் தெரிவார்? வெட்டுகத்தியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலில் லைட்டைப் போடுங்கள், சத்தம் போட்டு "ஆரு?" என்று கேளுங்கள். கள்ளன் என்றால் பெரும்பாலும் சத்தத்துக்கே ஓடிவிடுவான். ரப்பர் வெட்டுகிறவர் என்றால் பெயர் சொல்லுவார்.

அந்த 'அப்புறம்'

சரி, நடந்துவிட்டது. கள்ளன் அடிபட்டுக் கிடக்கிறான், அல்லது ஓடிவிட்டான். இனி?

112-க்கு முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும். அடிபட்டவன் கள்ளனே ஆனாலும் ஆம்புலன்ஸும் கேளுங்கள். அது மனுஷத்தன்மை. உங்களிடம் பழிவாங்கும் எண்ணம் இல்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

கத்தியைக் கழுவாதீர்கள், இடத்தைப் பெருக்காதீர்கள். உடைந்த கதவும் கொண்டியும்தான் உங்கள் முதல் சாட்சி.

உங்களுக்குச் சின்னக் காயம் என்றாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். எப்படி ஏற்பட்டது என்று டாக்டரிடம் சொன்னது கேஸில் பின்னால் பெரிதாக உதவும்.

வீடு உடைத்ததற்கும் கொள்ளைக்கும் உங்கள் புகாரைத் தனியாக எழுதிக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்டேஷனில் இருப்பது ஒரே ஒரு கேஸ், அதில் நீங்கள் எதிரி. பயந்துதான் அடித்தேன் என்பதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வக்கீல் சொல்லித் தெரிந்து சொன்னால் மதிப்பு குறையும்.

கடைசியாக நமக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. வீட்டுக் கேமராவை நாம் இங்கிருந்தே மொபைலில் பார்க்கிறோம் இல்லையா? அந்தப் பதிவு சில நாளில் தானாக அழிந்து மேலே புதுசு ஏறிவிடும். உடனே சேமித்து வையுங்கள். கோர்ட்டில் அதைக் காட்ட அதற்கென்று ஒரு சான்றிதழ் வேண்டும், புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-ம் பிரிவு. ஊரில் இருக்கும் ரெக்கார்டர் பெட்டியை யாரும் தொடாமல் போலீஸிடம் ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். எங்கேயோ ராத்திரி ஷிப்டில் இருக்கும் நாம்தான் சில சமயம் ஒரே சாட்சி.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வெட்டுகத்தியை எடுக்கச் சொல்லவில்லை. அவர் வீடு, அவர் பயம், அந்த நேரத்தில் அங்கே நிற்கப்போவது அவர்தான். நான் சொன்னது ஒன்றுதான்: "வீட்டுக்குள்ள இருக்க வரைக்கும் சட்டம் உங்க கூட, மாமா. நடையைத் தாண்டி ஓடிட்டான்னா விட்ருங்க. போறது நகைதானே."

"அம்மாவுக்க தாலி ஆச்சே மக்கா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. லாக்கரில் வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். பேங்க்காரன் வேறு என்ன சொல்வான்?

உங்கள் வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்களா? இந்தப் பேச்சை அவர்களிடம் பேசியிருக்கிறீர்களா? பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

டிஸ்கி: நான் வக்கீல் அல்ல, பி.காம். படித்த பேங்க் ஆபீசர். உங்களுக்கு ஒரு பிரச்சினை என்று வந்தால் இந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், ஒரு நல்ல வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள்.